கிடங்கு எந்தக் கரை? – "போர்ட்டோவில் போர்ட் ஒயின் சுவைத்தோம்" பதிவுக்கு மறுப்பு

டோரோக்கரை:
பயணப் பகுதியில் ஒரு தொடர் ஓடுகிறது. 2013 ஜூனில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தோள்பையோடு போர்ச்சுகல் சுற்றிய கதை. லிஸ்பனில் ராத்திரி ஆட்டம், லாகோஸில் கடற்கரை, கடைசியில் ஒயின். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் பாகத்தில் இப்படி ஒரு வரி: "போர்ட்டோ நகரத்தின் பழைய கிடங்குகளில் போர்ட் ஒயின் சுவைத்தோம்." கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கிடங்குகள் போர்ட்டோவில் இல்லை ஐயா. டோரோ ஆற்றின் தென்கரையில், விலா நோவா டி காயா, சுருக்கமாகக் காயா என்ற ஊரில் இருக்கின்றன. தனி நகராட்சி, தனி மேயர். மூன்று லட்சம் பேர் வாழ்கிறார்கள், போர்ட்டோவை விட அதிகம். ஏழு வருஷமாக அங்கேதான் குடியிருக்கிறேன். அதில் நாலு வருஷம் ஒரு கிடங்கில் ஆட்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை. தினமும் யாராவது என் ஊர் மண்ணில் நின்றுகொண்டு "போர்ட்டோவில் இருக்கேன்" என்று போனில் சொல்வார்கள். தமிழிலும் அதையே படிக்கும்போது பொறுக்கவில்லை.

தோள்பைக்காரன்:
வணக்கம் சார், எழுதினது நான்தான். எட்டு பாகம் எழுதியிருக்கேன், உங்க கண்ணுல பட்டது இந்த ஒரு வரியா? நாங்க தங்கினது போர்ட்டோ. ரயில் விட்டு இறங்கினது சாவ் பென்டோ ஸ்டேஷன், அதுவும் போர்ட்டோ. சாயங்காலம் பாலத்து மேல்தட்டுல நடந்தோம், நடுவுல மெட்ரோ போகுது, ஓரமா நாங்க. பத்து நிமிஷ நடைக்குள்ள ஊரு மாறிடுமா? அந்த ஒயினுக்குப் பேரே போர்ட்டோ ஒயின். அந்த நாட்டுக்காரங்களே "வின்யு டு போர்ட்டு"ன்னுதான் சொல்றாங்க. அவங்களுக்கு வராத கோபம் உங்களுக்கு ஏன் வருது?

டோரோக்கரை:
பாலத்தில் நடந்தேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாலம் எதற்கு நண்பரே, ஆற்றைத் தாண்டத்தானே? தாண்டினால் காயா.

பேரை வைத்து ஊரைச் சொல்லாதீர்கள். திராட்சை விளைவது போர்ட்டோவிலும் இல்லை, காயாவிலும் இல்லை. கிழக்கே டோரோ பள்ளத்தாக்கில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய தோட்டங்களில் விளைகிறது. 1756லேயே போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபு காலத்தில் எல்லை வகுத்த நிலம் அது. சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரை முழுக்க சாராயமாகும் முன், 77 சதவீத திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் நாக்கில் இனிப்பு நிற்கிறது, போதையும் 20 சதவீதத்தை ஒட்டி ஏறுகிறது. அந்தக் காலத்தில் பீப்பாய்கள் ரபெலோ என்ற சரக்குப் படகில் ஆற்றோடு இறங்கி வந்தன. வந்து கரையேறியது எங்கே? காயாவில். எங்கள் சரிவு வடக்குப் பார்த்தது, வெயில் நேராக விழாது. கடல் பக்கம், காற்றில் ஈரம் இருக்கும், ஒயின் பதமாக முதிரும். 1986 வரைக்கும் வெளிநாட்டுக்குப் போகிற போர்ட் ஒயின் காயாவிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்று சட்டமே இருந்தது. காயா என்று சட்டத்தில் பேர் இருக்கிறது, உங்கள் கட்டுரையில் ஒரு தடவைகூட இல்லை.

ஒரே கேள்வி. கிடங்கு எந்தக் கரை?

நாகைத்துறை:
வந்துட்டாரய்யா கரைக் காவலர். புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன், போன வருஷம் இதே மனுஷன் என் பதிவுல வந்து மூணு பக்கத்துக்கு என்னை வறுத்தெடுத்தார். நான் எழுதினது ஒரே வரி, "ஈஃபிள் கட்டின பாலத்துல நின்னு பார்த்தேன்". அதுக்குத்தான் அவ்வளவும். இப்ப இந்தத் தம்பி மாட்டியிருக்கார்.

டோரோக்கரை:
அது இன்றைக்கும் தப்புதான். 1886ல் திறந்த டோம் லூயிஸ் பாலத்தை வடிவமைத்தவர் தியோஃபில் செய்ரிக். ஈஃபிளின் பழைய கூட்டாளி. ஈஃபிள் நிறுவனம் கட்டியது அதற்குக் கிழக்கே உள்ள மரியா பியா ரயில் பாலம், 1877. நீங்கள் நின்றது எதில் என்று உங்கள் படமே சொன்னது. இரண்டு தட்டுப் பாலம். ஒரு வருஷமாகியும் பதிவைத் திருத்தவில்லை.

நாகைத்துறை:
கூட்டாளி ஈஃபிள்கிட்ட இருந்துதானே வந்தார்? திருத்த மாட்டேன்.

டோரோக்கரை:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சரி, அதை விடுங்கள். கிடங்கு எந்தக் கரை?

கோவாக்காற்று:
நடுவுல நான் ஒண்ணு கேக்கலாமா? இந்தத் தொடர்ல லாகோஸ் கடலை "சொர்க்கம்"னு எழுதியிருக்காரே, காலை நனைச்சாரா? நான் ஜூன்லதான் போனேன். கமிலோ கடற்கரைக்கு மரப்படி இருநூறு இறங்கணும். இறங்கி ஆசையா ஓடிப் போய் கால் வெச்சேன், கணுக்கால் வரைக்கும் மரத்துப் போச்சு. அட்லாண்டிக் தண்ணி. பாறை அழகு, இல்லேங்கல. ஆனா குளிக்கணும்னா கோவாதான். அதுவும் 1961 வரைக்கும் அவங்க கையில இருந்ததுதானே, ராத்திரி ஆட்டத்துக்கும் குறைச்சல் இல்ல.

தோள்பைக்காரி:
அந்த ரெண்டு பையில ஒரு பை என்னுது, அதனால நானும் பேசறேன்.

கோவாக்காற்று அண்ணா, நாங்க குளிச்சோம். முதல் ரெண்டு நிமிஷம் பல்லு தந்தியடிச்சது, அப்புறம் சரியாப்போச்சு. போன்டா டா பியடாடே பாறைக் குகைக்குள்ள சின்னப் படகுல போனோம். தண்ணிக்கு அடியில மணல் வரி வரியா தெரிஞ்சது. அதை நீங்க கோவாவுல காட்டுங்க.

டோரோக்கரை சார், உங்களுக்கு. கிடங்குல ரெண்டு கிளாஸ் குடுத்தாங்க. ஒண்ணு இளசான ரூபி, இன்னொண்ணு பீப்பாயிலேயே மூத்த இருபது வருஷ டானி. டானியை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா காய்ச்சின வெல்லப்பாகு நிறம், முகர்ந்தா காய்ஞ்ச அத்திப்பழம். என் வீட்டுக்காரருக்கு ரூபி போதும்னு பட்டது, எனக்கு டானியை விட மனசில்ல. அதனால திரும்பப் பாலத்தைத் தாண்டி ரிபெய்ராவுக்கு வந்து, ஆத்தங்கரைப் படிக்கட்டுல உக்காந்து இன்னொரு கிளாஸ் டானி வாங்கிக் குடிச்சேன். ரிபெய்ரா எந்தக் கரை சார்? வடகரை. போர்ட்டோ. அப்போ போர்ட்டோவுல போர்ட் ஒயின் குடிச்சோம்னு சொன்னது உண்மையா பொய்யா?

டோரோக்கரை:
அம்மா, நீங்கள் ரிபெய்ராவில் குடித்ததை நான் மறுக்கவில்லை. அந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். "போர்ட்டோ நகரத்தின் பழைய கிடங்குகளில்." படிக்கட்டு கிடங்கு ஆகாது. கிடங்கு எந்தக் கரை?

தோள்பைக்காரன்:
விமான டிக்கெட்ல போர்ட்டோன்னு போட்டிருக்கு. இறங்கற ஏர்போர்ட் இருக்கறது போர்ட்டோ நகராட்சிக்குள்ளயே இல்ல, மாயா பக்கம். விமானக் கம்பெனிக்காரனோட போய்ச் சண்டை போடுங்களேன்.

டோரோக்கரை:
போடுவேன், அவர்கள் தமிழில் பயணக் கட்டுரை எழுதினால்.

சொல்தேடி:
நண்பர்களே, பீப்பாய் பீப்பாய் என்று இத்தனை முறை எழுதுகிறீர்கள். அந்தச் சொல்லே அவர்களிடமிருந்து வந்தது தெரியுமா? போர்ச்சுகீசிய மொழியில் "பிப்பா". சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, ஏலம் எல்லாம் அதே கப்பலில் வந்திறங்கியவை. 1554லேயே லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். லிஸ்பன் போன தமிழர் இருவருக்கு அதைப் பற்றி எழுத ஒரு வரி இல்லை, பைரோ ஆல்ட்டோ சந்துகளில் விடிய விடிய நின்று குடித்ததற்கு ஒரு பாகம் முழுக்க இருக்கிறது. வேதனையாக இருக்கிறது.

தோள்பைக்காரி:
எங்க தேனிலவுப் பயணத்துல நாங்க என்ன பாக்கணும்னு நீங்க பட்டியல் போட்டுத் தரீங்களா? பைரோ ஆல்ட்டோவுல ஒவ்வொரு கடையும் ஒரு ரூம் அளவுதான். கூட்டம் தெருவுலதான் நிக்கும். கண்ணாடி கிளாஸ் இல்ல, பிளாஸ்டிக் டம்ளர். மேல் மாடியில ஒரு பாட்டி துணி காயப்போட்டுக்கிட்டே எங்களை வேடிக்கை பார்த்தாங்க. அது எனக்குப் பிடிச்சது, எழுதினோம்.

டோரோக்கரை:
சொல்தேடி ஐயா, "பிப்பா" வெறும் சொல் மட்டுமில்லை, அளவும்கூட. டோரோ பள்ளத்தாக்கில் ஒரு பிப்பா என்றால் 550 லிட்டர். இன்றைக்கும் விளைச்சலை அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். எங்கள் கிடங்கில் பீப்பாய் முகத்தில் வெள்ளை எழுத்தில் எண் இருக்கும். தட்டினால் நிறைந்ததற்கு ஒரு சத்தம், குறைந்ததற்கு ஒரு சத்தம். பழைய தொழிலாளி ஒருவர் விரல் முட்டியால் தட்டியே எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். அவருடைய அப்பாவும் அதே கரையில் உருட்டியவர். நான் சண்டை போடுவது அவர்களுக்காகத்தான். உருட்டியது இவர்கள், பேர் மட்டும் எதிர்க்கரைக்கு.

புதுவரவு:
ஊர் என்றால் நகராட்சி எல்லையா, இல்லை சேர்ந்தாற்போல் மக்கள் புழங்கும் பரப்பா? அதை முதலில் முடிவு பண்ணிவிட்டால் இந்தச் சண்டையே வராதே?

நாகைத்துறை:
தட்டிப் பார்த்தாராம், சத்தம் கேட்டதாம். இந்தாங்க, நான் ஒண்ணு தட்டறேன். போர்ட் ஒயினுக்குச் சான்று முத்திரை குடுக்கற அரசு நிறுவனத்தோட சுவைக்கூடம் எங்க இருக்கு? ஃபெரேரா போர்ஜஸ் தெருவுல, பங்குச்சந்தை மாளிகைக்குப் பக்கத்துல. அது எந்தக் கரை? போர்ட்டோ. அங்க நாக்குல வெச்சு சரின்னு சொன்னாத்தான் உங்க கிடங்குச் சரக்கு கடைக்கே போகும். இப்ப சொல்லுங்க, கரைக் காவலரே.

டோரோக்கரை:
முத்திரை வேறு, கிடங்கு வேறு. நான் கேட்டது கிடங்கு.

நாகைத்துறை:
அதுக்குப் பதில் இல்லேன்னு எடுத்துக்கறேன்.

டோரோக்கரை:
பதில் சொல்லிவிட்டேன். ஈஃபிள் பதிவை எப்போது திருத்துகிறீர்கள்?

கோவாக்காற்று:
இவங்க போனது தோள்பைப் பயணமே இல்லேங்கறது என் கருத்து. மூணாம் பாகத்துல "தனி அறை எடுத்தோம்"னு எழுதியிருக்கார். எட்டு பேர் ஒரே அறையில படுத்து, அடுத்த கட்டில்காரன் குறட்டையில தூக்கம் போனாத்தான் அது தோள்பைப் பயணம்.

தோள்பைக்காரி:
மொத்தப் பயணத்துல ஆறு ராத்திரி தனி அறை. மிச்சமெல்லாம் அடுக்குக் கட்டில்தான். நான் மேல் கட்டில், அவர் கீழ். லாகோஸ்ல ஒரு பாட்டி மாடியறைக்கு ஸ்டேஷன்லேருந்து மூணு கிலோமீட்டர் பையோட நடந்தோம், தோள் பட்டையில தழும்பு ஒரு வாரம் இருந்துச்சு. இதுக்கும் சர்டிபிகேட் வேணுமா?

டோரோக்கரை:
ஆறாம் பாகமும் இப்போதுதான் பார்த்தேன். பாறைமேல் ஒரு சின்னத் தேவாலயம், சுற்றிலும் அலை, கீழே "போர்ட்டோ கடற்கரையில் மாலை" என்று போட்டிருக்கிறீர்கள். அது மிரமார் கடற்கரையில் உள்ள செந்யோர் டா பெட்ரா. அறுகோணக் கட்டடம், முதுகு கடலுக்கு, வாசல் கரைக்கு. அதுவும் காயா! ஒயின் காயா, கடற்கரையும் காயா, பேர் மட்டும் போர்ட்டோவா? உங்கள் பயணத்தில் பாதி சந்தோஷத்தை என் ஊர் கொடுத்திருக்கிறது, நன்றிக்குக்கூட ஒரு வரி இல்லை.

தோள்பைக்காரன்:
சார், போர்ட்டோல ஜூன் 23 ராத்திரி புனித ஜான் திருவிழாவுல நாங்க மாட்டினதைப் படிச்சீங்களா? ஊரே தெருவுல. தெரியாதவங்க எல்லாம் பிளாஸ்டிக் சுத்தியலால மண்டையில தட்டறாங்க, நாமளும் தட்டணும். ஒரு சின்னப் பொண்ணு இவ தலையில தட்டிட்டு ஓடிச்சு. வாசலுக்கு வாசல் மத்தி மீன் சுடற புகை. நடுராத்திரி ஆத்துல வாணவேடிக்கை. ஆறு முழுக்க வெளிச்சம், ரெண்டு கரையிலயும் ஜனம். அப்போ எந்தக் கரைன்னு யாரும் யாரையும் கேக்கல. அந்த ராத்திரிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க.

டோரோக்கரை:
அந்தப் பாகம் நன்றாக இருந்தது. முன்பெல்லாம் சுத்தியல் இல்லை, பூண்டுப் பூத்தண்டால் தட்டுவார்கள், இன்றும் சில வயசானவர்கள் அதோடுதான் வருவார்கள். அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நீங்கள் போட்ட வாணவேடிக்கைப் படத்தைப் பாருங்கள். முன்னால் ரபெலோ படகுகள், பின்னால் ரிபெய்ராவின் வண்ண வீடுகள். அந்தப் படம் எங்கிருந்து எடுத்தது? காயா கரையிலிருந்து. உங்கள் காமிராவுக்குத் தெரிந்தது உங்கள் பேனாவுக்குத் தெரியவில்லை.

தோள்பைக்காரன்:
அந்த வரியை மாத்த மாட்டேன். என் மனசுல அது போர்ட்டோதான்.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்கு வேண்டாம். பாலம் பற்றிய பழைய தகராறை இந்தத் திரியில் தொடர வேண்டாம்.

நாகைத்துறை:
நான் ஆரம்பிக்கல.

டோரோக்கரை:
முதல் பதிலிலேயே ஈஃபிளை இழுத்தது யார்? மேலே போய்ப் பாருங்கள்.

சொல்தேடி:
பீப்பாய், பிப்பா பற்றித் தனித் திரி தொடங்கியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் அங்கே வரலாம்.

டோரோக்கரை:
வருகிறேன். அதில் நீங்கள் "போர்ட்டோ கிடங்குகளின் பிப்பாக்கள்" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்கள்.