புதுப்பிப்பு: மூன்றாம் முறை சோர்ந்துபோன ரெசின்

பியூட்டைல் அசிடேட் என்ற கரைப்பானைத் தயாரிக்க, வினையூக்கியாகக் கந்தக அமிலத்துக்குப் பதில் ஆம்பர்லிஸ்ட்-15 ரெசினை (சல்போனிக் அமிலத் தொகுதிகள் பிணைந்த சிறு பாலிமர் மணிகள்) பயன்படுத்தினேன், இரண்டு முறை நன்றாக ஓடிய வினை மூன்றாம் முறை நகரவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

ஒவ்வொரு முறையும் மணிகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவியதுதான் தவறு. அதிலிருந்த கால்சியமும் சோடியமும் சல்போனிக் அமிலத் தொகுதிகளிலிருந்த ஹைட்ரஜன் அயனிகளை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வினையை ஊக்குவதே அந்த ஹைட்ரஜன் அயனிதான். அது போய்விட்டால் மிஞ்சுவது வெறும் பாலிமர் மணி.

சரி, மீட்டது எப்படி? மணிகளை ஒரு கண்ணாடிக் குழாயில் நிரப்பி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாக ஓடவிட்டேன். அப்புறம் வெளிவரும் நீர் நடுநிலைக்கு வரும்வரை காய்ச்சி வடித்த நீரால் கழுவி, 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே உலர்த்தினேன். உலர்த்துவதில் அவசரம் கூடாது. அமிலத் தொகுதிகளைச் சூழ்ந்து நிற்கும் நீர் வினையை மந்தமாக்கும். அதேசமயம் 120 டிகிரியைத் தாண்டினால் அந்தத் தொகுதிகளே உதிரத் தொடங்கும்.

இப்போது வினை பழைய வேகத்தில் ஓடுகிறது. அவ்வளவு மகிழ்ச்சி!

இன்னொன்று: காந்தக் கலக்கி மணிகளை அரைத்துத் தூளாக்கியதால் வடிகட்டுவது சிரமமாக இருந்தது. மேலிருந்து சுழலும் துடுப்புக்கு மாறியதும் அதுவும் தீர்ந்தது.