எல்லோரும் "சரி" சொல்லும் கூட்டத்தில் நான் மட்டும் எப்படி மறுப்பது?

போச்சம்பள்ளிக்காரி:
வணக்கம். எங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில் நான் ஓர் இயக்குநர். பத்துப் பேரில் நான் ஒருத்திதான் பெண். இரண்டு வருடம் முன்பு மாசி மாதக் கூட்டத்தில், விலை இறங்கியிருக்கும்போதே புளியை மொத்தமாக வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, ஐப்பசியில் விற்கலாம் என்றார் தலைவர். கிடங்கு வாடகை, வங்கி வட்டி, சுமைகூலி எல்லாம் சேர்த்தால் கட்டுப்படியாகாது என்று நான் வீட்டிலேயே கணக்குப் போட்டிருந்தேன். நோட்டு பையில்தான் இருந்தது. ஆனால் அவர் பேசி முடித்ததும் வரிசையாக "சரிங்க, செஞ்சிடலாம்" என்றார்கள். என் முறை வந்ததும் நானும் அதையே சொன்னேன்.

வெளியே டீக்கடையில் மூன்று பேர், "எனக்கும் மனசு ஒப்பலம்மா" என்றார்கள். நான்கு பேருக்குப் பிடிக்காத முடிவு, தீர்மானப் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று ஏறிவிட்டது! விலை ஏறவில்லை. நட்டத்துக்குத்தான் விற்றோம்.

தலைவர் கெட்டவர் இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகிறவர். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை. இப்போது மாங்கூழ் எடுக்கும் மெஷினுக்குக் கடன் வாங்கலாம் என்கிறார். அடுத்த வாரம் கூட்டம். என்ன செய்யட்டும்?

பாலக்கோடு வாத்தியார்:
அம்மா, உங்களுக்கு நடந்தது அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் அறையிலும் நடந்தது. 1961 ஏப்ரலில் கியூபாவைப் பிடிக்கச் சுமார் 1,400 பேரை பன்றிகள் விரிகுடாவில் இறக்கினார்கள். மூன்றே நாளில் தோல்வி. ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கர் அது தவறு என்று தனியாக எழுதியே கொடுத்தவர், ஆனால் கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அதற்காக வருந்தி எழுதினார். இர்விங் ஜேனிஸ் என்ற உளவியலாளர் 1972-ல் இதையெல்லாம் ஆராய்ந்தார். ஆட்கள் முட்டாள்கள் இல்லை, ஒற்றுமை கெடக் கூடாது என்ற நினைப்பே அவர்கள் சந்தேகத்தை விழுங்க வைத்தது என்பது அவர் முடிவு.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த வருடம் நடந்ததுதான். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து போர் மூளும் நெருக்கடி வந்தபோது, தான் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று கென்னடி சில கூட்டங்களுக்கு வராமலே இருந்தார். உங்கள் தலைவர் வெளியே போக வேண்டாம், கடைசியாகப் பேசினால் போதும். முதல் நாளே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். சபையில் கேட்டால் அவருக்கு முகம் சுருங்கும்.

ஓசூர் மெஷின் ஷாப்:
வாத்தியார் ஐயா சொல்வது சரி, ஆனால் தலைவர் ஒப்புக்கொள்ளாவிட்டால்? அக்கா, சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று வெடித்து 7 பேர் இறந்தார்கள். முதல் நாள் இரவே, இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று ராக்கெட் செய்த கம்பெனியின் இன்ஜினியர்கள் போனில் மன்றாடினார்கள். கடைசியில் மேலாளர்கள் நான்கு பேர் மட்டும் தனியே முடிவெடுத்தார்கள். இன்ஜினியர்களை ஓட்டே கேட்கவில்லை.

அங்கே நடந்த பெரிய தப்பு இது: வழக்கமாக 'பத்திரமானது' என்று காட்டினால்தான் ஏவுவார்கள். அன்று மட்டும் 'ஆபத்து' என்று இன்ஜினியர்கள் நிரூபிக்க வேண்டியதாகிவிட்டது. நீங்களும் அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். நட்டம் வரும் என்று நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. தோத்தாபுரி மாம்பழ சீசன் முடிந்தபின் மெஷின் என்ன செய்யும், தவணையை எதிலிருந்து கட்டுவோம் என்று கேளுங்கள். மெஷின் வேண்டும் என்பவர்கள் எழுத்தில் பதில் தரட்டும்.

அரூர் பால்காரர்:
எங்கள் சங்கத்தில் பெரிய செலவு என்றால், பேச்சு தொடங்கும் முன்பே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. பெயர் போடாமல் வேண்டும், வேண்டாம், ஏன் என்று எழுதிப் போடுவோம். செயலாளர் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பார். அப்புறம்தான் விவாதம். அந்த டீக்கடை மூன்று பேரையும் முன்கூட்டியே பாருங்கள். ஒருவர் கூட நின்றாலே குரல் நடுங்காது.

போச்சம்பள்ளிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று பேரில் இருவரிடம் பேசிவிட்டேன், சீட்டு முறைக்குச் சம்மதித்தார்கள். மூன்றாமவர், "தலைவர் மனசு நோகுமே" என்கிறார். நாளைக் காலை தலைவர் வீட்டுக்கே போகிறேன். இந்த முறை நோட்டு கையில் இருக்கும்.