புதுப்பிப்பு: ஹாம்ஸ்டர் குன்னூர் வந்து சேர்ந்தது

மலையில் எங்கு தேடியும் ஹாம்ஸ்டர் (எலி மாதிரி இருக்கும் சின்ன வளர்ப்புப் பிராணி) கிடைக்கவில்லை, இந்தக் குளிரை அது தாங்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது!

கோயம்புத்தூரில் முதலில் போன கடையில் வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர் ஆறை ஒரே கூண்டில் அடைத்திருந்தார்கள், ஒன்றுக்குக் காதில் காயம், அவை தனித்தனியாக இருக்க வேண்டியவை என்று சொல்லியும் கடைக்காரர் கேட்கவில்லை. மனசு கனத்துப்போய் வந்துவிட்டேன். அப்புறம் வீட்டில் வளர்க்கும் ஒரு அக்காவிடம் வாங்கினேன். அதன் கூண்டில் படுக்கையாகக் கிடந்த பழைய காகிதத் துகளிலேயே கொஞ்சம் பெட்டியில் போட்டு, தண்ணீருக்குப் பதில் வெள்ளரித் துண்டு வைத்துக் கொடுத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியாறு வளைவுகள் முழுக்கப் பெட்டி என் மடியில்தான்.

குளிர் விஷயம்: 5 டிகிரி அளவுக்கு இறங்கினால் செத்ததுபோல் விறைத்துக் கிடக்குமாம், அப்படி நடந்தால் அவசரப்படாமல் மெதுவாகச் சூடேற்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதனால் கூண்டை ஜன்னலை விட்டுத் தள்ளி உள்சுவர் ஓரம் வைத்து, தோண்டிப் படுக்க 20 செ.மீ. ஆழத்துக்குக் காகிதத் துகள் நிரப்பினேன். அறையில் இரவு 18 டிகிரி இருக்கிறது.

மூன்று நாள் தொடவே இல்லை. நேற்று இரவு பதினொரு மணிக்கு, தானே வந்து என் விரலிலிருந்து சூரியகாந்தி விதையை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டது.