வானொலியில் காற்பந்து வருணனை: விளம்பரத்தை எங்கே வைப்பது?

பிடோக்வாசி:
நம் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8-இல் ஒரு காற்பந்து ஆட்டத்தை முழுதாகத் தமிழ் வருணனையோடு கேட்க ரொம்ப ஆசை. விளம்பரம்தான் சிக்கல் என்கிறார் நண்பர். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் விளம்பரம் வருகிறதே, இதில் ஏன் முடியாது?

ஈசூன் செல்வம்:
தம்பி, காற்பந்தில் பாதிக்கு 45 நிமிடம், கடிகாரம் நிற்கவே நிற்காது. 1990 உலகக் கிண்ணத்தை அமெரிக்காவில் காட்டிய டிஎன்டி தொலைக்காட்சி, ஆட்டத்தின் நடுவிலேயே விளம்பரத்துக்குப் போனது, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 1994-இல் ஏபிசியும் இஎஸ்பிஎன்னும் ஆட்டத்தை வெட்டாமல், கோல் கணக்குக்குப் பக்கத்தில் விளம்பரதாரரின் சின்னத்தைப் போட்டார்கள். அதுதான் சரியான வழி.

மைக்_பிரியன்:
அண்ணே, வானொலியில் சின்னம் காட்டத் திரை இல்லையே! பந்து பக்கக் கோட்டைத் தாண்டியதும், த்ரோ எடுப்பவர் அதை சட்டையில் துடைக்கிற அந்தச் சில விநாடிக்குள் வருணனையாளரே விளம்பரதாரர் பெயரைச் சொல்லிவிட்டு, பந்து மறுபடி ஆட்டத்துக்குள் வரும் முன் யார் யாருக்கு வீசப்போகிறார் என்பதற்குத் திரும்பிவிட வேண்டும். நீண்ட விளம்பரமெல்லாம் 15 நிமிட இடைவேளையில்தான்.

தோபாயோ ரசிகை:
ஒளிபரப்பு உரிமைதான் பெரிய செலவு. அதனால்தான் இங்கிலீஷ் பிரிமியர் லீக் இங்கே கட்டணச் சேவைக்குப் போனது, முன்பு சிங்டெல், 2022 முதல் ஸ்டார்ஹப். விளம்பரக் காசு மட்டும் கட்டுப்படியாகாது. நம் உள்ளூர் லீக்கிலிருந்து தொடங்கலாமே? 1994 மலேசியக் கிண்ண இறுதியில் நம் சிங்கப்பூர் அணி பஹாங் அணியை 4-0 என்று வென்றதே, அப்பாஸ் சாட் 3 கோல் போட்ட ஆட்டம், அதைத் தமிழில் கேட்டால் எப்படி இருந்திருக்கும்!

பிடோக்வாசி:
நன்றி அக்கா. உள்ளூர் லீக் யோசனையை வைத்து நிலையத்துக்கு எழுதப்போகிறேன், சேர்ந்து கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள்.