இல்ல விளையாட்டுப் போட்டியில் விசேட அலகுப் பிள்ளைகளும் பொது வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அணியில்: எப்படிச் செய்வது?

துணுக்காய் ரீச்சர்

வணக்கம். துணுக்காய் வலயத்தில் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அலகில் 9 பிள்ளைகள், 10 வயது முதல் 16 வரை. ஒன்பது பேருக்கும் அறிவுசார் குறைபாடு. அதில் இருவருக்கு டவுண் சின்ட்ரோம், ஒருவர் வலிப்புக்கு மருந்து எடுக்கிறார்.

வழமையாக இல்ல விளையாட்டுப் போட்டியின் கடைசியில் இவர்களுக்கென்று ஒரு பலூன் உடைத்தல் வைப்பார்கள். எல்லாருக்கும் ஒரே பரிசு, இல்லத்துக்குப் புள்ளி கிடையாது. சனம் இரக்கப்பட்டுக் கைதட்டும். இந்த முறை பொது வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே அணியில் இறக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். இன்னும் 6 கிழமை இருக்கிறது. மூன்று இல்லங்கள், 200 மீற்றர் சுற்று, கிறவல் நிலம், இரண்டு உதைபந்து. எந்த விளையாட்டு நல்லது, அணியில் எத்தனை பேர், எப்படிப் பழக்குவது? முக்கியமாக, கெட்டிக்காரப் பெடியள் பந்தைக் கொண்டு ஓட எங்கட பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிற நிலை வராமல் என்ன செய்யலாம்?

வவுனியா பயிற்றுநர்

ரீச்சர், நீங்கள் கேட்பதற்கு ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968இல் தொடங்கியது. 1980களின் கடைசியில் அவர்களே ‘யுனிஃபைட் ஸ்போர்ட்ஸ்’ என்று கலப்பு அணிகளைக் கொண்டுவந்தார்கள். அறிவுசார் குறைபாடுள்ள வீரரும், அது இல்லாத பங்காளரும் கிட்டத்தட்டச் சம எண்ணிக்கையில் ஒரே அணியில் ஆடுவார்கள். களத்தில் நிற்க வேண்டிய கணக்கு இதுதான்: ஐவர் உதைபந்தில் 3 வீரர், 2 பங்காளர். எழுவர் என்றால் 4 வீரர், 3 பங்காளர். கரப்பந்தில் 3 வீரர், 3 பங்காளர். அஞ்சலோட்டத்தில் 2 வீரர், 2 பங்காளர். வீரர் ஒருவர் வரவில்லை என்று அந்த இடத்துக்கு இன்னொரு பங்காளரை இறக்க ஏலாது, ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும்.

உங்களுடைய கடைசிக் கேள்விதான் முழு விசயமும். பெடியள் பந்தைக் கொண்டு ஓடுவது பெரும்பாலும் பிழையான பங்காளரைத் தெரிந்ததால் வருகிற வினை. பாடசாலை அணித் தலைவரைப் பங்காளராகப் போட்டால் அவருக்கு இரண்டு வழிதான்: தனியே அடித்து வெல்லலாம், அல்லது வேண்டுமென்றே மெதுவாக ஆடலாம். இரண்டாவதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதுபோல மனதைச் சுடுவது வேறில்லை. “மூன்று பேருக்குப் பந்து கொடுத்த பிறகுதான் கோல் அடிக்கலாம்” என்று சட்டம் போடுகிறவர்களும் உண்டு. அதை நான் விரும்புவதில்லை. எதிரணி அடுத்த பந்து எங்கே போகும் என்று அறிந்து வைத்திருக்கும், ஆட்டம் நாடகமாகிவிடும்.

பங்காளரைத் தேடும்போது வயதில் 3 வருடத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். திறமை கிட்டவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் எந்த அணிக்கும் எடுபடாத, ஆனால் விளையாட ஆசையுள்ள பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள். பிறகு ஒரு பயிற்சி ஆட்டத்தில் 10 நிமிடத்துக்கு யார் எத்தனை முறை பந்தைத் தொட்டார் என்று ஒரு மாணவியைக் கொண்டு கோடு போடுவியுங்கள். இரண்டு பங்காளரும் சேர்ந்து பாதிக்கு மேல் தொட்டிருந்தால் ஆளை மாற்ற வேண்டும், அல்லது அவரைப் பின்வரிசைக்கு இறக்க வேண்டும்.

ஆனால் 6 கிழமையில் உதைபந்து தொடங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதை அடுத்த தவணைக்கு வைத்துக்கொண்டு இப்போது அஞ்சலோட்டம் செய்யுங்கள்.

உடற்கல்வி, கிளிநொச்சி

அஞ்சலோட்டம் என்பதை நானும் வழிமொழிகிறேன். உங்களுக்குக் கணக்கும் பொருந்தி வருகிறது. மூன்று இல்லத்துக்கும் இரண்டிரண்டு பேராக 6 வீரர், மிச்ச மூவர் இல்லத்துக்கு ஒருவராக மேலதிக ஆள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: அலகுப் பிள்ளைகளின் பெயர் இல்லப் பட்டியலில் இருக்கிறதா? பல இடங்களில் அவர்களுக்கு இல்லமே பிரித்திருக்க மாட்டார்கள்.

4×50 மீற்றர் ஓடவிடுங்கள். 200 மீற்றர் சுற்று ஒழுங்காக வரைந்திருந்தால் வளைவும் நேரும் கிட்டத்தட்ட 50 மீற்றராக வரும். முதலாவது வளைவின் தொடக்கத்தில் ஆரம்பித்தால் 1ஆம், 3ஆம் ஓட்டங்கள் வளைவில் விழும், 2ஆம், 4ஆம் ஓட்டங்கள் நேரில். வளைவில் தன்னுடைய கோட்டுக்குள் ஓடுவது இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கஷ்டம், நேராகவே ஓடி வெளியே போய்விடுவார்கள். அதனால் 1, 3 பங்காளர், 2, 4 வீரர். இதில் இன்னும் இரண்டு நன்மை உண்டு. மூன்று அஞ்சற்கோல் மாற்றத்திலும் ஒரு பக்கம் பங்காளர் நிற்பார். முடிவுக் கோட்டைத் தாண்டுவது அலகுப் பிள்ளையாக இருக்கும்.

இல்லங்களைச் சமப்படுத்த எல்லாரையும் தனித்தனியாக 50 மீற்றர் இரண்டு தரம் ஓடவைத்து நல்ல நேரத்தை எடுங்கள். நான்கு பேரின் நேரத்தையும் கூட்டினால் மூன்று இல்லத்துக்கும் இடையில் 15 வீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் பிரிவு பிரிக்கும்போது வழிகாட்டியாக வைப்பதும் 15 வீதம்தான். உதாரணமாக 44, 46, 49 செக்கன் என்று வந்தால் 49 என்பது 44ஐ விட 11 வீதம்தான் கூட, அப்படியே விடலாம். 44, 46, 53 என்றால் விடக்கூடாது, அந்த இல்லத்தின் பங்காளரை மாற்றுங்கள்.

அஞ்சற்கோலுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. 40 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயை 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, இல்ல நிறத்தில் ரேப் சுற்றினால் சுற்றளவு 12, 13 சென்ரிமீற்றருக்குள் வரும். கடையில் வாங்குவதும் அந்த அளவுதான்.

பழக்கும் ஒழுங்கு: முதல் கிழமை ஓட்டமே வேண்டாம். நான்கு பேரும் கை எட்டும் தூரத்தில் வரிசையாக நின்று பின்னாலிருந்து முன்னுக்குக் கோலைக் கொடுக்கட்டும். இரண்டாம் கிழமை நடந்து, மூன்றாம் கிழமை 10 மீற்றர் மெல்லோட்டம், நான்காம் கிழமை 20 மீற்றர் வேகமாக, ஐந்தாம் கிழமை முழு 50. ஆறாம் கிழமை மூன்று இல்லமும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளில், சத்தத்தோடு. கிழமைக்கு மூன்று நாள், 20 நிமிடம் போதும். 40 நிமிடம் ஒரே நாளில் செய்தால் பாதி நேரம் வீண்.

பிழைக்கிற இடங்கள் எனக்குத் தெரிந்தவரை மூன்று. சனம் கத்தியதும் வாங்குகிற பிள்ளை கோல் இல்லாமலே ஓடிவிடும். அதற்கு ஒரு சாக்கை நாலாக மடித்து நிலத்தில் போடுங்கள். கோல் கையில் வரும்வரை ஒரு கால் சாக்கில், அவ்வளவுதான் சட்டம். சில பிள்ளைகள் கோலைக் கொடுத்த பிறகும் கூடவே ஓடும். கொடுத்ததும் போய்த் தொடுவதற்கு உள்பக்கம் ஒரு ரயரை வையுங்கள், நின்றுவிடும். மூன்றாவது கை. ஒரு கையால் வாங்கி மறுகைக்கு மாற்றுவதைப் பழக்கவே வேண்டாம். எழுதுகிற கையாலேயே வாங்கி அதே கையால் கொடுக்கட்டும். ஒன்றரைச் செக்கன் போகும், கோல் நிலத்தில் விழுந்தால் ஐந்து செக்கன் போகும்.

ஆரம்பத்துக்கு வெடிச்சத்தம் வேண்டாம், விசிலும் கொடியும் போதும். பயிற்சியிலும் அதே விசில், அதே நிறக் கொடி.

தாதிய உத்தியோகத்தர்

பயிற்சி தொடங்க முன்னர் செய்ய வேண்டியவை. டவுண் சின்ட்ரோம் உள்ள இருவருக்கும் கிளினிக் வைத்தியரிடம் விளையாட அனுமதிக் கடிதம் எடுங்கள். இவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு இருக்கும். சிலருக்குக் கழுத்தின் மேலிரண்டு முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையிலான பிணைப்புத் தளர்வாக இருக்கும். ஓட்டத்துக்கு அது பொதுவாகத் தடையில்லை. ஆனால் உதைபந்தில் தலையால் அடித்தல், குட்டிக்கரணம், உயரம் பாய்தல் இவை வேண்டாம். எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் கண்ணால் கவனிப்பதை விடக்கூடாது. கழுத்து நோ, தலை ஒரு பக்கம் சாய்தல், நடை மாறித் தடுமாறுதல், கை பலம் குறைதல், முன்பு இல்லாமல் புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமல் போதல், இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றே பயிற்சியை நிறுத்தி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

வலிப்புள்ள பிள்ளையை ஒதுக்க வேண்டியதில்லை. காலை மருந்து போட்டாரா என்று தாயிடம் கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைக்கும், வன்னி வெயிலில் அது ஆபத்து. பயிற்சியை முதலாம் பாடத்தில் வையுங்கள். போட்டி அன்று பின்னேரம் 4 மணிக்குப் பிறகு ஓடவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். தாகம் என்று தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்களே 10 நிமிடத்துக்கு ஒருக்கால் குடிக்கச் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் மணிக்கூட்டைப் பாருங்கள், சரித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே துணி. வாயில் கரண்டி, திறப்பு, தண்ணீர் எதுவும் வேண்டாம், கையைக் காலைப் பிடித்து அமுக்கவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முன்னர் இன்னொன்று வந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரப் பிந்தினால் மல்லாவி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக யாருடைய வாகனம் என்பதை முதல் நாளே பேசி வையுங்கள்.

கிறவல் நிலம் என்கிறீர்கள். நெருஞ்சி முள்ளைக் கூட்டித் துப்புரவாக்காமல் வெறுங்காலோடு ஓடவிட வேண்டாம்.

துணுக்காய் ரீச்சர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. இல்லப் பட்டியலைப் பார்த்தேன், கிளிநொச்சி சேர் சொன்னது சரி, ஒருவருடைய பெயரும் இல்லை. இன்றைக்கே போடுகிறேன்.

இரண்டு விசயம். மூன்று பிள்ளைகள் உடம்பு பெருத்தவர்கள், ஓடவே மாட்டார்கள், மேலதிக ஆளாக இருத்தி வைப்பது எனக்கு மனமில்லை. மற்றது, இதற்குப் புள்ளி கொடுத்தால் மற்ற இல்லத்தார் பிரச்சினை எடுப்பார்கள் என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

உடற்கல்வி, கிளிநொச்சி

முதலாவது வருடம் பாதிப் புள்ளி கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பழகிய பிறகு முழுப் புள்ளி.

வவுனியா பயிற்றுநர்

அதில் எனக்கு உடன்பாடில்லை, சேர். மற்ற அஞ்சலோட்டத்துக்கு என்ன புள்ளியோ அதுவேதான். பாதிப் புள்ளி என்றால் இல்லத் தலைவர்கள் பயிற்சிக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். முழுப் புள்ளி என்றால் அவர்களே வந்து “ரீச்சர், எங்கட பிள்ளை இன்றைக்கு வரேல்லையோ” என்று கேட்பார்கள். நேரத்தைக் கூட்டி 15 வீதத்துக்குள் சமப்படுத்திய தாளை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டால் பிரச்சினை எடுக்க இடமிருக்காது. அதிபருக்கு எழுத்தில் ஆதாரம் வேண்டுமென்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆம் உறுப்புரை பாடசாலை விளையாட்டில் இந்தப் பிள்ளைகளுக்கும் சமவாய்ப்பு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அறிவிப்பாளரிடமும் சொல்லிவையுங்கள்: இல்லத்தின் பெயரையும் ஓடுகிறவரின் பெயரையும் மட்டும் சொன்னால் போதும்.

ஓடாத மூவருக்கும் பொச்சி ஆட்டம் கொடுங்கள், அதாவது ஒரு சின்னக் குறிப்பந்துக்குக் கிட்டப் போகும்படி பந்து உருட்டுவது. ஒரு வீரர், ஒரு பங்காளர் சேர்ந்த இருவர் அணி, ஓட்டம் இல்லை, மோதல் இல்லை. களம் 60 அடி நீளம், 12 அடி அகலம். ஓரத்துக்குப் பனஞ்சிலாகையைப் படுக்க வைக்கலாம். முதல் நாள் பின்னேரம் தண்ணீர் தெளித்து, பனைமட்டையால் இழுத்து மட்டமாக்குங்கள், இல்லாவிட்டால் கிறவலில் பந்து சொன்ன இடத்துக்குப் போகாது.

பந்தும் செய்யலாம். பழைய ரெனிஸ் பந்தில் 2 சென்ரிமீற்றர் கீறி, காய்ந்த மணலைப் புனலால் நிரப்பி, ரேப்பால் இறுக்கிச் சுற்றினால் ஒன்று கிட்டத்தட்ட 200 கிராம் வரும். மணலைக் குலுக்கிக் குலுக்கி நிறைய அடைய வேண்டும். அரைகுறையாக விட்டால் மணல் ஒரு பக்கம் சரிந்து பந்து கோணி உருளும். ஈர மணல் காய்ந்ததும் இறங்கிவிடும், அதுவும் அதே பிழைதான். சிவப்பு 4, நீலம் 4, குறிப்பந்துக்கு ஒரு சின்ன மஞ்சள் றப்பர் பந்து.

குறிப்பந்தை முதலில் உருட்டிவிட்டு, ஆளுக்கு 2 பந்து. யாருடைய பந்து கிட்ட இருக்கிறதோ அந்த அணி நிற்கும், மற்ற அணி உருட்டும். எல்லாம் முடிந்ததும், எதிரணியின் மிகக் கிட்டிய பந்தை விடக் கிட்ட நிற்கிற ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி. 12 வந்தால் வெற்றி. கண்மட்டத்தில் சொல்லாமல் ஒரு நூலால் அளந்து காட்டுங்கள். “ஏன் அவைக்குப் புள்ளி” என்ற சண்டை அதோடு நிற்கும். பங்காளர் “இங்கே போடு” என்று கைகாட்டலாம், பிள்ளையின் கையைப் பிடித்து உருட்டக்கூடாது.

அடுத்த தவணை உதைபந்து தொடங்கும்போது 40×30 மீற்றர் களம் போதும். இடம் வலம் என்று சொல்லாமல் “கிணத்தடிப் பக்கம்”, “வேம்படிப் பக்கம்” என்று சொல்லுங்கள். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால் சொந்தக் கோலுக்கே அடிப்பார்கள், ஆகவே முதல் இரண்டு மாதம் பக்கம் மாற வேண்டாம். பிறகு கோல் கம்பத்தில் எதிரணி நிறத்துணி கட்டி மாறப் பழக்கலாம். பக்கத்தில் பற்றைக் காணியோ, மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற காணியோ இருந்தால் கோல் கம்பத்தை அந்தப் பக்கம் நடக்கூடாது. வேலிக்கு அப்பால் போன பந்தை எடுக்கப் பிள்ளையும் போகக்கூடாது, ஆசிரியரும் போகக்கூடாது. இரண்டாவது பந்தைக் கோட்டருகே வைத்துக்கொண்டு அதைக் கொடுத்து ஆட்டத்தைத் தொடருங்கள். இந்த ஒரு சட்டத்தை மட்டும் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னர், வேலியடியில் எல்லாரையும் கூட்டிவந்து நிறுத்திக் காட்டிச் சொல்ல வேண்டும்.