தகர சீட் வீடு: மழையே இல்ல, விடியக்காலம் உள்ள சொட்டுது. குளிரும் தாங்கல. வழி சொல்லுங்க (தளி பக்கம்)

தளிரோட்டுக்காரன் | ஞாயிறு இரவு 10.40

வணக்கம்ங்க. தேன்கனிக்கோட்டை தாண்டி தளி போற பக்கம் எங்க ஊரு. ஹாலோ பிளாக் சுவரு, மேல தகர சீட். 15க்கு 12 அடியில ஒரே ஹால், அதை ஒட்டி சமையல். நானு, வீட்டுக்காரம்மா, மூணு வயசுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 68. சுகர் இருக்கு, மார்கழி வந்தா இழுப்பும் சேர்ந்துக்கும்.

குளிரு பத்தி தனியா சொல்லணுமா? ஓசூர்ல இருக்கிற பசங்க "ஒரு ஸ்வெட்டர் போட்டா போதும்டா"ன்றான். இங்க வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாக்கட்டும்.

இதுவரைக்கும் செஞ்சது: சுவருக்கும் சீட்டுக்கும் நடுவுல இருந்த இடுக்கு பூரா சாக்கு, பழைய துணி வெச்சு அடைச்சாச்சு. ஜன்னலுக்கு பாலிதீன் அடிச்சாச்சு. 2000 வாட் ஹீட்டர் ஒண்ணு வாங்கினேன். போட்டிருக்கிற வரைக்கும் சுகம், நிறுத்தின பத்தாவது நிமிஷம் பழையபடி ஐஸ் பெட்டி.

இதுல பத்து நாளா புதுசா ஒரு தொல்லை. விடியக்காலம் நாலு மணிக்கு மேல சீட்டுல இருந்து சொட்டு சொட்டா தண்ணி விழுது. போர்வை நனையுது. மழை ஒரு பொட்டு இல்ல. மேஸ்திரியைக் கூப்பிட்டேன், ஸ்க்ரூ வழியா ஒழுகுதுன்னு எல்லா ஸ்க்ரூவுக்கும் தார் பூசி 1800 ரூபா வாங்கிட்டுப் போனாரு. மறுநாளும் சொட்டுச்சு.

கையில 5000 ரூபா இருக்கு. சீட்டை மாத்த வசதி இல்ல. ராத்திரி அடுப்புக்கரி கணப்பு போடலாம்னு அம்மா சொல்றாங்க. போடலாமா?

செவிலி அக்கா | ஞாயிறு இரவு 10.58

மத்தது அப்புறம். கரி கணப்பு வேண்டாம் தம்பி. இடுக்கெல்லாம் அடைச்ச வீடுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மூடின அறையில கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். புகை இருக்காது, வாசனை இருக்காது. ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்துல அது போய் உக்காந்துக்கும், ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டும். தூங்குறவங்களுக்கு தூக்கம் இன்னும் ஆழமாகும், அவ்வளவுதான் தெரியும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரி மூட்டிட்டுப் படுத்தவங்க காலையில எழுந்திருக்காத செய்தி நீங்களும் படிச்சிருப்பீங்க. தணல்ல சாம்பல் மூடி வெச்சாலும் அதேதான். அம்மாகிட்ட நான் சொன்னதா சொல்லுங்க.

தளிரோட்டுக்காரன் | ஞாயிறு இரவு 11.05

சரிங்கக்கா. அந்தக் காலத்துல எல்லாரும் போட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க.

செவிலி அக்கா | ஞாயிறு இரவு 11.09

அந்தக் காலத்து வீடு ஓடு போட்டது. ஓட்டு இடுக்குல பூனையே போகும், புகை போகாதா?

ஈபி கணக்கு | திங்கள் காலை 7.15

ஹீட்டர் கணக்கை மட்டும் சொல்லிட்டுப் போறேன். 2000 வாட்னா மணிக்கு 2 யூனிட். ராத்திரி ஆறு மணி நேரம் ஓடினா 12 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 720. நமக்கு இலவசம் கொஞ்ச யூனிட்தான், அளவைத் தாண்டிட்டா கம்மியா ஓட்டுறவங்களுக்குக் கிடைக்கிற சலுகையும் போயிடும். பில்லு வந்ததும் வேர்க்கும், அது ஒண்ணுதான் சூடு.

அந்த ஹீட்டர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். லைட்டு, ஃபேனு போடுற சின்ன பிளக்குல சொருகியிருந்தா இன்னைக்கே கழட்டுங்க. 16 ஆம்பியர் பவர் பிளக்குல தனி ஒயரோட மட்டும்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்தி பேசவே வேண்டாம்.

பென்னாகரத்தான் | திங்கள் காலை 8.02

எங்க தர்மபுரி பக்கம் இந்தக் கஷ்டம் இல்ல 😀 எங்களுக்கு உங்க பங்கும் சேத்து வெயில்தான். தெர்மோகோல் அட்டை வாங்கி சீட்டுக்குக் கீழ ஒட்டிடுங்க, மலிவு, வேலை முடிஞ்சது.

மல்பெரி தோட்டம் | திங்கள் காலை 8.30

பென்னாகரத்தண்ணா, ஒரே ஹால், பக்கத்துல சமையல்னு சொல்லியிருக்காரு. தெர்மோகோல்ல தீப்பொறி பட்டா உருகி ஒழுகிட்டே எரியும், புகையும் விஷம். மூணு வயசுப் பையன் இருக்கிற வீடு. நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

தளிரோட்டு அண்ணா, பதில் சொல்லுங்க. சொட்டுறது ஸ்க்ரூ இருக்கிற இடத்துலயா, இல்ல சீட்டு முழுக்கவா? மேகமா இருக்கிற ராத்திரியும் சொட்டுதா? இடுக்கை அடைச்சது எந்த நாளு, சொட்ட ஆரம்பிச்சது எந்த நாளு?

தளிரோட்டுக்காரன் | திங்கள் மதியம் 2.20

பகல் ஷிஃப்ட், இப்பதான் பாத்தேன். சீட்டு முழுக்கத்தான். டார்ச் அடிச்சா அடியில வேர்த்த மாதிரி முத்து முத்தா நிக்குது, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து சரிவுல ஓடி பைப்புகிட்ட வந்து சொட்டுது. போன வியாழன் மேகம் போட்டிருந்துச்சு, அன்னைக்கு சொட்டல. இப்ப கேட்டதும்தான் நெனப்பு வருது.

அடைச்சது ஒரு ஞாயித்துக்கிழமை. சொட்டினது... அட, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுங்க.

மல்பெரி தோட்டம் | திங்கள் இரவு 9.10

அப்ப அது ஒழுகல் இல்லண்ணா. உங்க வீட்டுக்குள்ள இருக்கிற ஈரம்தான் சீட்டுல பனியா படியுது. குளிர்ந்த சொம்புல வெளிய வேர்க்குமே, அதேதான் தலைகீழா.

வானம் தெளிவா இருக்கிற ராத்திரி தகரம் தன் சூட்டை நேரா ஆகாசத்துக்கு விட்டுடும். சுத்தி இருக்கிற காத்தை விடவும் அதிகமா குளிர்ந்துபோகும். மேகம் இருந்தா அது போர்வை மாதிரி, அதான் வியாழன் சொட்டல. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்"னு பெரியவங்க சொன்னது உங்க கூரைக்குத்தான் பொருத்தம். இன்னும் தை, மாசி முழுசா பாக்கி இருக்கு.

கீழ நாலு பேரு தூங்குறீங்க. மூச்சுலயும் தோல்லயும் மட்டும் ஒரு ராத்திரிக்கு ஒரு லிட்டர் கிட்ட தண்ணி காத்துல கலக்கும். சோறு வடிச்ச ஆவி, உள்ள காயப்போட்ட துணி எல்லாம் தனி. முன்னாடி இடுக்கு வழியா வெளிய போச்சு. நீங்க அடைச்சீங்க, இப்ப போக்கிடம் இல்லாம மேல போய் ஒட்டுது. காத்து நின்னது நல்லதுதான், ஆனா ஈரமும் உள்ளயே நின்னுடுச்சு. மேஸ்திரி பூசின தாரு அடுத்த மழைக்கு ஆகும், விடுங்க.

நான் பட்டுப்புழு வளர்க்கிறவன், அதனால சொல்றேன். சாக்கிப் புழுவுக்கு, அதாவது குஞ்சுப் புழுவுக்கு, 27, 28 டிகிரி, ஈரப்பதமும் 80க்கு மேல வேணும். அதே புழு கடைசி பருவத்துக்கு வந்தா 24, 25 டிகிரி, ஈரம் 70க்குக் கீழ. அப்ப குளிரும் ஈரமும் சேர்ந்து தேங்கிச்சுன்னா சுண்ணாம்புக்கட்டி நோய் வந்து ஒரு தட்டே போயிடும். அதனால எங்க புழு வளர்க்கிற மனையில கீழ காத்து அடிக்காம மறைச்சாலும் மேல வழி விட்டுத்தான் வைப்போம். வீட்டுக்கும் அதே முறைதான்.

செய்ய வேண்டியது:

ரெண்டு பக்கச் சுவத்துலயும் முகட்டுக்குக் கிட்ட, உச்சியில மட்டும், கை அகலத்துக்கு அடைப்பை எடுங்க. ஆள் படுக்கிற மட்டத்துல அடைச்சது அப்படியே இருக்கட்டும். ராத்திரி சமையலை ஏழு மணிக்குள்ள முடிச்சு, கதவை ஒரு கால்மணி நேரம் திறந்து ஆவியை வெளிய விட்டுட்டு அப்புறம் சாத்துங்க. உள்ள துணி காயப்போடாதீங்க.

சீட்டு மேல தென்னங்கீத்து வேயுங்க. இதுதான் முக்கியம். கீத்து ஆகாசத்தைப் பாக்கும், தகரம் பாக்காது. தகரம் அவ்வளவா குளிராது, குளிரலன்னா வேர்க்காது. சித்திரை வெயிலுக்கும் இதே கீத்துதான். கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்க, அடுப்புப் புகைபோக்கி பக்கம் மூணு அடி விட்டுடுங்க.

கீழ மூங்கில் தட்டி கட்டினா மட்டும் பத்தாது. ஆவி தட்டி வழியா மேல போய் அங்கயே சொட்டும், தட்டி பூஞ்சணம் பிடிக்கும்.

கிரானைட் வாசல் | திங்கள் இரவு 9.45

மல்பெரி சொல்றது சரி. ஹீட்டர் நிறுத்தின உடனே ஏன் ஆறிடுதுன்னும் இதுலயே பதில் இருக்கு. 180 சதுர அடி வெறும் தகரத்துல, உள்ளயும் வெளியயும் எட்டு பத்து டிகிரி வித்தியாசம் இருந்தா கூரை வழியா மட்டும் ஆயிரம் வாட் கிட்ட போயிடும். பாதி ஹீட்டர் ஊருக்குப் போகுது.

என் பங்குக்கு ஒண்ணு. வீட்டை சூடாக்காதீங்க, படுக்கையை சூடாக்குங்க. கொசுவலை இருக்கா? அது மேல அம்மாவோட பழைய நூல் புடவை ரெண்டை விரிச்சுடுங்க, பக்கவாட்டுல வலை மட்டும் இருக்கட்டும். தூங்குற ஆள் ஒவ்வொருத்தரும் எழுபது எண்பது வாட் சூடு விடுவோம், அது அந்தச் சின்ன இடத்துல நிக்கும். பாலிதீன் போடாதீங்க, குழந்தைக்கு மூச்சு முட்டும்.

அடுத்தது கீழ. எல்லாரும் மேல ரெண்டு போர்வை போத்துவாங்க, கீழ ஒரு பாய். சிமென்ட் தரை ராத்திரி பூரா முதுகை உறிஞ்சும். அட்டைப்பெட்டியைப் பிரிச்சு ரெண்டு அடுக்கு, அது மேல சாக்கு, அது மேல கோரைப்பாய், அதுக்கு மேல ஒரு கம்பளி. காசு செலவே இல்ல. கயித்துக் கட்டில்னாலும் கீழ கம்பளி வேணும், கயித்து வழியா குளிரு ஏறும்.

செவிலி அக்கா | திங்கள் இரவு 10.20

அம்மாவுக்கு ஒண்ணு. சுடுதண்ணிப் பை வெச்சா சுகமா இருக்கும். ஆனா சுகர் இருக்கிறவங்களுக்கு கால் மரத்திருக்கும், சுட்டா தெரியாது, காலையில கொப்புளம் இருக்கும். படுக்கிறதுக்கு அரை மணி முன்னாடி போர்வைக்குள்ள வெச்சு, படுக்கும்போது எடுத்துடுங்க. காலுக்கு ரெண்டு காட்டன் சாக்ஸ் போதும், இறுக்கமா வேண்டாம். தலைக்கு மப்ளர். இழுப்பு மருந்தை மட்டும் குளிருது, எழுந்திருக்க முடியலன்னு தள்ளிப்போடக் கூடாது. சாக்குல பூஞ்சை வாசனை வந்தா உடனே மாத்துங்க, இழுப்புக்கு அதைவிடக் கெடுதல் இல்ல.

பென்னாகரத்தான் | செவ்வாய் காலை 6.50

தெர்மோகோல் வாபஸ். கீத்துல எலி வராதா?

மல்பெரி தோட்டம் | செவ்வாய் காலை 7.05

வரும். பூனை வளருங்க.

தளிரோட்டுக்காரன் | 12 நாள் கழிச்சு, ஞாயிறு மாலை 5.30

செஞ்சதைச் சொல்லிடறேன், யாருக்காவது ஆகும்.

திங்கள் ராத்திரியே முகட்டுப் பக்கம் அடைப்பை எடுத்தேன். "இவ்வளவு கஷ்டப்பட்டு அடைச்சுட்டு இப்ப பிடுங்குறியே"ன்னு வீட்டுக்காரம்மா திட்டு. செவ்வாய் காலையில சொட்டு பாதியா குறைஞ்சிருந்துச்சு. அப்புறம் திட்டல.

பக்கத்து தோட்டத்துல புழு வளர்க்கிறவர்கிட்ட ஈரப்பதம் காட்டுற கருவியை ரெண்டு நாள் வாங்கி மாட்டினேன். மறுபடி அடைச்சு வெச்சு ஒரு ராத்திரி பாத்தோம்: காலை அஞ்சு மணிக்கு 14 டிகிரி, ஈரம் 93. திறந்து விட்டப்ப 13 டிகிரி, ஈரம் 78. ஒரு டிகிரி குறைச்சல்தான், ஆனா அம்மா "இன்னைக்கு குளிரு கம்மிடா"ன்னாங்க. போர்வை நனையலையே.

கீத்து காவேரிப்பட்டணத்துல இருந்து மினி வண்டியில வந்துச்சு. நானும் மச்சானும் போன ஞாயிறு கட்டினோம். கீத்து, கயிறு, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 4200. இப்ப காலையில 16க்குக் கீழ போகல. சொட்டு நின்னுடுச்சு, சமையல் பக்கம் கீத்து விட்ட அந்த மூணு அடியில மட்டும் கொஞ்சம் வேர்க்குது. அங்க ஒரு குண்டான் வெச்சிருக்கேன்.

புடவைக் கூடாரம் பையனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பகல்லயும் அதுக்குள்ளதான் சாப்பாடு. ஹீட்டரு இப்ப அம்மா குளிச்சிட்டு வரும்போது பத்து நிமிஷம், அவ்வளவுதான். பிளக்கு கழட்டிப் பாத்தா உள்ள பிளாஸ்டிக் கருகியிருந்துச்சு. ஈபி கணக்கு அண்ணனுக்கு தனியா ஒரு கும்பிடு.

ஈபி கணக்கு | ஞாயிறு மாலை 6.10

கும்பிடு இருக்கட்டும், பிளக்கு மாத்தினீங்களா?

தளிரோட்டுக்காரன் | ஞாயிறு மாலை 6.12

நாளைக்கு ஆளு வர்றாருங்க. அதுவரைக்கும் ஹீட்டர் அட்டைப்பெட்டியில. எலி இன்னும் வரல.