கலைச்சொல் தேவை: மரை வெட்டும்போது பள்ளம் மாறிப்போவதற்கு

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறையில் சிறிய சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்களுக்காக மரை (திருகின் சுருள்வரி) வெட்டும் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு கோளாறுக்குத்தான் பெயர் அகப்படவில்லை. மரை வெட்டச் சொல்லும் ஜி76 கட்டளையில் மரை ஒரே வெட்டில் முடிவதில்லை. கருவி திரும்பத் திரும்ப அதே பள்ளத்தில் இறங்கி ஆழப்படுத்த வேண்டும். சில நேரம் மூன்றாவது, நான்காவது வெட்டு பழைய பள்ளத்தை விட்டு விலகி மரையின் முகட்டையே சீவிவிடுகிறது. அப்புறம் நட்டு ஏறாது. இதற்குப் 'புரிபிறழ்வு' பொருந்துமா?

– பாட ஆசிரியர்

*

ஐயா, மாணவர் இதைப் 'புரியவில்லை' என்றுதான் படிப்பார். திருகு அளவியின் புரியிடைத் தூரம் பள்ளியில் படித்ததுதான். ஆனால் பட்டறையில் புரி என்று யாரும் சொல்வதில்லை. மரை, இல்லாவிட்டால் திரெட். 'திரெட் மாறிடுச்சு' என்றால் எங்கள் பையன்களுக்குப் போதும்.

– கோவை

*

ஒற்று மிகாமல் 'புரிபிறழ்வு' என்று எழுதினால் வினைத்தொகையாகிவிடும். புரியின் பிறழ்வு என்றால் 'புரிப்பிறழ்வு'. மரையைக் கொண்டால் 'மரைப்பிறழ்வு'. இடையின ரை என்பதையும் பாடத்தில் சொல்லிவிடுங்கள். 'மறை கழன்றவன்' என்றே பலர் எழுதுகிறார்கள். மரைமானின் முறுக்குக் கொம்பிலிருந்துதான் திருகின் மரை வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

– மதுரை

*

புலவர் ஐயா, சங்கப் பாடலில் 'திரிமருப்பு' (முறுக்கிய கொம்பு) என்ற அடை பெறுவது இரலை மான். நெல்லி தின்னும் மரைக்கு அந்த அடை வந்து நான் பார்த்ததில்லை. இந்தச் சொற்பிறப்பை ஏற்க முடியாது.

– தஞ்சை

*

மானை விடுங்கள், முதலில் கோளாறைப் பிரித்துப் பார்ப்போம். எம்10 (10 மிமீ விட்டமுள்ள) மரை, இடைத்தூரம் 1.5 மிமீ. பத்து இடைவெளியை அளந்தால் 15 மிமீ வர வேண்டும். வராவிட்டால் இசட் அச்சின் (கருவி நீளவாக்கில் நகரும் திசை) அமைப்பு எண் தவறு, அல்லது வெட்டும் சுமையில் ஸ்பிண்டில் (வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டு) வேகம் இறங்குகிறது.

15 சரியாக வந்தும் பள்ளம் விலகினால் பழுது ஒவ்வொரு வெட்டும் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நம்மில் பலரிடம் இருப்பது, வெட்டைத் தொடங்கச் சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்புத் தரும் சென்சார். பக்கத்தில் ஓடும் விஎஃப்டியின் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) மின்னிரைச்சல் அதில் பொய்த்துடிப்பைக் கிளப்பும். சென்சாருக்கு ஷீல்டு கம்பி போட்டு, மோட்டார் கம்பியிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும். வெட்டுகளுக்கு நடுவில் ஸ்பிண்டில் வேகத்தை மாற்றினாலும் பள்ளம் விலகும். இசட் படி தவறினாலும் இதே கதிதான்: நிமிடத்துக்கு 600 சுற்றில் இசட் 900 மிமீ ஓட வேண்டும், திரும்பும்போது அதைவிட வேகம், சின்ன ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) திணறும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இசட் பழைய இடத்துக்கே வருகிறதா என்று டயல் கேஜ் (முள் காட்டும் நுண்ணளவி) வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

'பிறழ்வு' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. பழுது சென்சார் கம்பியில் இருக்க, படிப்பவர் அமைப்பு எண்ணைத் திருத்திக்கொண்டிருப்பார். ஆகவே முதலாவது 'மரையிடைப் பிழை', இரண்டாவது 'தடம் மாறுதல்'.

– சென்னை

*

தடம் மாறுதல் நன்று. ஸ்பிண்டிலை ஏன் 'கதிர்' எனக்கூடாது? நூற்கும் கதிர் நம்மிடம் உண்டே.

– யாழ்ப்பாணம்

*

எக்ஸ் கதிர் படித்தவனுக்குக் குழப்பம் வரும். ஸ்பிண்டில் அப்படியே இருக்கட்டும். தொல்காப்பியர் வடசொல்லுக்கே எழுத்தை மாற்றி இடம் கொடுத்தவர்.

– கோவை

*

சென்னை, யாழ்ப்பாண அன்பர்கள் சொன்னபடி 'மரைத்தடம் மாறுதல்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். மரையிடைப் பிழைக்குத் தனிப் பத்தி. அனைவருக்கும் நன்றி.

– பாட ஆசிரியர்

*

வடசொல்லுக்கு இடம் கொடுத்தவர் 'வடவெழுத்து ஒரீஇ' (வடவெழுத்தை நீக்கி) என்றார். ஸ்பிண்டிலில் 'ஸ்' அப்படியே நிற்கிறது. தடம் என்பதும் நடந்த வழி, வெட்டிய பள்ளம் அன்று. மறுபதிப்பிலாவது 'மரைப்பிறழ்வு' வரட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

– மதுரை